பிளக்கும் ‘கிளீவ்’, ஒட்டும் ‘கிளீவ்’

வினா (மே 4)

ஆங்கிலத்தில் ‘கிளீவ்’ என்ற பழைய வினைச்சொல்லுக்குப் பிளத்தல் என்றும் விடாமல் ஒட்டிக்கொள்ளுதல் என்றும் நேர் எதிரான இரண்டு பொருள்கள் உள்ளன. சேர்தலும் பிரிதலும் ஆதி மனிதனுக்கு ஒன்றாகவே தோன்றின என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கூடவே ஓர் ஐயம். பழைய ஆங்கிலப் போர்ப்பாடல் ஒன்றில் வீரர்கள் கேடயச் சுவரை ‘கிளீவ்’ செய்ததாக வருகிறது. அதைப் பிளந்தார்களா, அதையே பற்றி நின்றார்களா? போர்க்களத்தில் இரண்டும் நடக்கக்கூடியவைதாமே.

மே 4, இரவு

சான்று இல்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் அல்லவா ஆதி மனிதனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும்? இங்கே இருப்பவை இரண்டு சொற்கள். பிளத்தலைக் குறித்தது, பழைய ஆங்கிலத்தில் ஏறத்தாழ ‘கிளேயோவன்’ என ஒலித்த வினை. ஒட்டுதலைக் குறித்தது ‘கிளிவியன்’ என்ற வேறொரு வினை. முன்னதில் உயிரொலி நெடில், பின்னதில் குறில். முன்னது உள்ளே உயிரை மாற்றி இறந்தகாலம் காட்டும், பின்னது ஈற்றில் விகுதி சேர்த்துக் காட்டும். பின்னதற்குச் சில வட்டாரங்களில் ‘கிளியோவியன்’ என்றொரு வடிவமும் இருந்ததால் நெருக்கம் தொடங்கியது. இடைக்கால ஆங்கிலத்தில் ஈறுகள் தேய்ந்து, குறில்கள் சில இடங்களில் நீண்டு, இரண்டும் ‘கிளேவன்’ என்ற ஒரே தோற்றத்துக்கு வந்து சேர்ந்தன.

தமிழில் நாம் இதைக் கண்டு வியப்பதில்லை. ‘கலை வளர்த்தான்’ என்பதிலும் ‘கூட்டத்தைக் கலை’ என்பதிலும் உள்ள கலை ஒன்றே என்று எண்ணி, கலை என்றாலே கலைந்துபோவதுதான் என்று மேடையில் பேசுபவர்கள் உண்டு. கைதட்டலும் கிடைக்கும். முன்னது வடமொழியிலிருந்து வந்த பெயர், பின்னது தமிழ் வினை என்பதை அகராதி தனித்தனிப் பதிவாகக் காட்டிவிடும்.

பிளக்கும் வினையின் உறவுகள் பல. டச்சில் ‘கிளீவன்’, சுவீடிய மொழியில் ‘க்ளீவா’, பவேரியா, ஆஸ்திரியா பக்கத்து ஜெர்மனில் ‘கிளீபன்’. கசாப்புக் கடையின் அகன்ற வெட்டுக்கத்தியான ‘கிளீவர்’, பிளவு என்னும் ‘கிளெஃப்ட்’, பூண்டுப் பல்லைக் குறிக்கும் ‘கிளோவ்’, கிராம்பைக் குறிக்கும் ‘கிளோவ்’ எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மே 5, காலை

நேற்று எழுதியதில் கிராம்பை வெளியே எடுத்துவிடுங்கள். தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் சோம்பல். பூண்டுப் பல்லைக் குறிக்கும் ‘கிளோவ்’ மட்டுமே பிளத்தலின் வழியில் வந்தது. பூண்டு தானாகவே பிளந்து நிற்கும் கிழங்கு என்பதால். கிராம்பின் ‘கிளோவ்’ பிரெஞ்சில் ஆணியைக் குறிக்கும் ‘க்ளூ’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு மூலம் லத்தீனின் ‘க்ளாவுஸ்’. ஒரு கிராம்பை விரலிடையில் பிடித்துப் பாருங்கள்: தலையும் தண்டுமாக ஆணியேதான். வினையில் நடந்த அதே கூத்து பெயரிலும் நடந்திருக்கிறது. உறவே இல்லாத இரண்டு சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டலுக்குள் வந்து அமர்ந்துகொண்டன. அதைச் சுட்டிக்காட்ட வந்தவனே அந்தக் குழியில் விழுந்தேன்.

ஜெர்மானியர்கள் பூண்டை ‘க்னோப்லௌஹ்’ என்கிறார்கள். அதன் பழைய வடிவம் ‘க்ளோபலௌஹ்’ போன்றது. பிளவுபட்ட வெங்காய இனம் என்று பொருள். லகரம் இரண்டு நெருங்கி வந்ததால் முன்னது னகரமாகிவிட்டது. நாம் பல் என்கிறோம், அவர்கள் அந்தத் தனித்துண்டைக் கால்விரல் என்கிறார்கள், ஆங்கிலேயர் பிளவு என்கிறார்கள். பாக்கை ‘ஒரு பிளவு’ என்று கேட்டு வாங்கிய நமக்கு ஆங்கிலேயரின் கணக்கு எளிதில் விளங்க வேண்டும். மூங்கில் பிளாச்சும் அந்த வகைதான்: வினை பெயராகி, கையில் எடுக்கும் பொருளாகி நிற்பது.

மே 5, மாலை

“இரண்டு சொற்கள் என்றால் மக்கள் குழம்பியிருக்க மாட்டார்களா? குழப்பம் இல்லாமல் இத்தனை நூற்றாண்டு எப்படி ஓடியது?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இறந்தகால வடிவங்கள் காப்பாற்றின என்பது என் எண்ணம். பிளத்தலுக்கு ‘கிளேவ்’, ‘கிளோவ்’, ‘கிளெஃப்ட்’; ஒட்டுதலுக்கு ‘கிளீவ்டு’. வேலி தெளிவாகவே இருந்தது.

மே 6

வேலி தெளிவாக இல்லை. 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து விவிலியத்தை எடுத்துப் புரட்டினேன். ஆதியாகமம் 22:3இல் ஆபிரகாம் தகனபலிக்குக் கட்டைகளைப் பிளக்கிறார். அங்கே வினை ‘கிளேவ்’. ரூத் 1:14இல் ரூத் தன் மாமியாரை விடாமல் பற்றிக்கொள்கிறாள், அங்கேயும் ‘கிளேவ்’. ஒரே நூல், ஒரே இறந்தகால வடிவம், ஒன்றில் விறகு, மற்றதில் பாசம். என் நேற்றைய விளக்கம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

இதில் எனக்குப் பழைய வடு ஒன்று உண்டு. கல்லூரியில் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு இந்த ரூத் பகுதியைக் கொடுத்தார்கள். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் ‘ரூத்தோ அவளைப் பிளந்தாள்’ என்று எழுதிக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ‘மருமகள்தானே, விறகுவெட்டியா?’ என்று எழுதியிருந்தது. வகுப்பு முழுவதும் சிரித்தது. இந்தச் சொல்லின்மேல் எனக்குள்ள பிடிப்பு அன்று தொடங்கியது.

ஆகவே காப்பாற்றியது எது என்று மறுபடியும் பார்த்தேன். வாக்கிய அமைப்புதான். ஒட்டும் ‘கிளீவ்’ தனியாக நிற்காது. எதனோடு ஒட்டுகிறது என்பதைக் காட்ட ‘டு’ அல்லது ‘அன்டு’ என்ற முன்னிடைச்சொல் கூடவே வரும். பிளக்கும் ‘கிளீவ்’ செயப்படுபொருளை இடையில் எதுவும் இல்லாமல் நேராகப் பிடிக்கும். தமிழில் சொன்னால் ஒன்று ‘ஓடு’ உருபைக் கேட்கும், மற்றது ‘ஐ’ உருபைக் கேட்கும். ‘மனைவியோடே’, ‘கட்டைகளை’ என்பவற்றில் உருபை மட்டும் கேட்டாலே வரப்போகும் வினை எத்தகையது என்று ஊகித்துவிடலாம் அல்லவா? ஆங்கிலேயரின் காதும் அப்படித்தான் வேலை செய்திருக்க வேண்டும். கல்லூரியில் எனக்கு இது தெரிந்திருந்தால் அகராதியைத் திறக்காமலே தப்பித்திருப்பேன்.

மே 6, இரவு, விட்டுப்போனது

எபிரேய மூலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. ஒட்டுதலுக்கு ‘தாவக்’, பிளத்தலுக்கு ‘பாகா’. இரண்டும் வெவ்வேறு வேர்கள். சிக்கலை ஆங்கிலம் உண்டாக்கியது. தமிழோ எதிர்த்திசையில் போயிருக்கிறது. ஆதியாகமம் 2:24, ரூத் 1:14, சங்கீதம் 137:6 ஆகிய மூன்றிலும் எபிரேயத்தில் அதே ‘தாவக்’. ஆங்கிலத்திலும் மூன்று இடத்திலும் ‘கிளீவ்’. பரவலாகப் படிக்கப்படும் பழைய தமிழ்த் திருப்புதலில் புருஷன் மனைவியோடே ‘இசைந்திருப்பான்’, ரூத் மாமியை ‘விடாமல் பற்றிக்கொண்டாள்’, எருசலேமை மறந்தவனின் நாவு மேல்வாயோடு ‘ஒட்டிக்கொள்வதாக’. ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்ற தமிழ், படிக்க இனிமை. ஆனால் மணமகனுக்குச் சொன்ன அதே சொல்லைத்தான் ரூத் தன் மாமியார் விஷயத்தில் நிறைவேற்றுகிறாள் என்ற நயம் தமிழில் மறைந்துபோகிறது. எதை இழந்து எதைப் பெறுவது என்ற கணக்கில் நான் தமிழாக்கியவரின் பக்கம்தான். ‘மனைவியோடே ஒட்டிக்கொள்வான்’ என்று திருமண வழிபாட்டில் வாசித்தால் பின்வரிசையில் சிரிப்பார்கள்.

மே 8

உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃபிராய்டைத் துணைக்கு அழைத்திருக்கிறார் வினவியவர். நல்லது, அவரிடமே போவோம். 1910இல் அவர் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில், தொன்மையான சொற்கள் எதிரெதிர்ப் பொருள்களை ஒருங்கே தாங்கியிருந்தன என்று மொழி ஆய்வாளர் கார்ல் ஆபெல் 1884இல் சொன்ன கருத்தை எடுத்துக்கொண்டு, கனவும் அப்படித்தான் ‘இல்லை’ என்பதை அறியாமல் எதிர்மறைகளை ஒன்றாக்குகிறது என்று வாதிட்டார். ஆபெலிடமிருந்து எடுத்தாண்ட சான்றுகளில் நம்முடைய வினையும் இருக்கிறது: ஜெர்மனில் ‘கிளேபன்’ என்றால் ஒட்டுதல், ஆங்கிலத்தில் ‘கிளீவ்’ என்றால் பிளத்தல் என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறார்கள்.

இது தவறான ஜோடி. ஜெர்மன் ‘கிளேபன்’ ஆங்கிலத்தின் ஒட்டும் ‘கிளீவ்’ சொல்லுக்கு உறவு. பிளக்கும் ‘கிளீவ்’ சொல்லுக்கு உறவான ‘கிளீபன்’ ஜெர்மனிலேயே தனியாக இருக்கிறது. அதுவும் ஆஸ்திரியப் பேச்சில் உயிரோடு உள்ள சொல். வியன்னாவில் குடியிருந்தவர், விறகு பிளப்பவன் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் கட்டுரையில் ஒரு வரி குறைந்திருக்கும். மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்ட் 1956இல் ஆபெலின் சான்றுகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

வேர் வரைக்கும் போனாலும் இரண்டும் சேர்வதில்லை. பிளக்கும் வினையின் இந்தோ-ஐரோப்பிய வேர் வெட்டுதல், உரித்தல் என்ற பொருளுடையது; கிரேக்கத்தில் செதுக்குதலைக் குறிக்கும் ‘க்ளூஃபோ’ அதன் வழி வந்தது, எகிப்தியச் சித்திர எழுத்தைக் குறிக்கும் ‘ஹைரோகிளிஃப்’ சொல்லின் பின்பாதி அதிலிருந்து கிடைத்தது, லத்தீனில் மரப்பட்டையை உரிப்பதைச் சொல்லும் ‘க்ளூபெரே’யும் அதுவே. ஒட்டும் வினையின் வேர் பிசுபிசுப்பைக் குறிப்பது. ஆங்கிலத்தில் களிமண்ணுக்கான ‘க்ளே’, பசைக்கான ‘க்ளூ’ ஆகியவை அதன் சுற்றத்தார். ஒருபக்கம் உளி, மறுபக்கம் சேறு.

மே 9

‘கிளீவ்லாந்து’ நகரம் பிளவுபட்ட நிலமா என்று கேட்டவருக்கு: இல்லை. யார்க்‌ஷயரில் உள்ள மூலப்பெயர் செங்குத்துப் பாறைகள் நிறைந்த நிலம் என்று பொருள்படும். ஒஹையோவில் உள்ள நகரத்துக்கு 1796இல் அங்கே நிலம் அளக்க வந்த மோசஸ் கிளீவ்லாந்தின் பெயர் வைக்கப்பட்டது. அவர் பெயரில் இருந்த ஓர் எழுத்தை நகரம் பின்னர் கழற்றிவிட்டது. பிளவு என்று ஏதாவது இருந்தால் அது அவ்வளவுதான்.

மே 11

நீண்ட குறிப்பு. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

வேலையின் பொருட்டு இங்கிலாந்தின் தென்கிழக்கே சசெக்ஸில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அந்தப் பக்கத்திலும் கென்ட்டிலும் இனிப்புச் செஸ்ட்நட் மரங்களை அடியோடு வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கவிட்டு, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து மீண்டும் வெட்டும் தோப்புகள் உண்டு. அந்தக் கழிகளைப் பிளந்து செய்யும் வேலி, ‘கிளெஃப்ட் செஸ்ட்நட்’ என்ற பெயரிலேயே விற்கிறது. அன்றாடப் பேச்சில் செத்துப்போன வினை வேலிக் கடையில் உயிரோடு இருப்பதைக் கண்டதும், பச்சை மரவேலை கற்றுத்தரும் ஒரு வார இறுதி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன்.

பிளப்பதற்குக் கொடுத்த கருவியை ‘ஃப்ரோ’ என்பார்கள். ஒரு முழ நீளத் தட்டையான இரும்பு அலகு. அதன் ஒரு முனையில் வளையம், வளையத்துக்குள் செங்குத்தாக நிற்கும் மரக் கைப்பிடி. அலகைக் கழியின் வெட்டுமுகத்தில் நடுவே வைத்து, மேலே மரக்கட்டையால் ஓர் அடி. அவ்வளவுதான் அடி. அலகில் பெரிய கூர்மை இருக்கவில்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை என்றார்கள். அலகு மரத்துக்குள் இறங்கியதும் கைப்பிடியைப் பிடித்து நெம்ப வேண்டும். நெம்பும்போது ‘சிர்ர்’ என்று ஒரு சத்தம் கழிக்குள்ளே ஓடுகிறது. அலகு மேலேதான் இருக்கிறது. பிளவோ அரையடி முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. வெட்டுபவன் நான் இல்லை, மரம் தன்னைத் திறந்துகொள்கிறது என்று அப்போது தோன்றியது.

என் முதல் மூன்று கழிகளும் வீண். பிளவு நடுவில் தொடங்கி, மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, கடைசியில் ஒரு பாதி கட்டையாகவும் மறு பாதி நாக்கு வழிக்கும் குச்சியாகவும் வந்தது. நான் மெலிந்த பக்கத்தை அழுத்தியிருக்கிறேன். பக்கத்தில் இருந்த முதியவர் கழியைப் புரட்டிப் போட்டு, தடித்த பாதியை வளைத்து அழுத்தச் சொன்னார். எந்தப் பாதி அதிகம் வளைகிறதோ அந்தப் பக்கம் பிளவு ஓடும். ஆகவே தடித்த பாதியை வளைத்தால் பிளவு அங்கே திரும்பி மறுபடி நடுவுக்கு வரும். நான்காவது கழியில் கண்ணெதிரே அது திரும்பியது.

கணுவுள்ள கழி ஒன்றைக் கையில் எடுத்தபோது அவர் அதைப் பிடுங்கி ரம்பக்காரனுக்கு ஒதுக்கிவைத்தார். “அது கிளீவ் ஆகாது” என்றார். அவருக்கு இந்த வினை ஒரு மரத்தின் தன்மையைச் சொல்லும் சொல். அகராதி ‘பிளத்தல், வெட்டுதல்’ என்று இரண்டையும் அருகருகே அடுக்குவது போதாது என்று அன்றிலிருந்து எண்ணுகிறேன். இந்த வினையின் பழைய உட்கரு, பொருளில் ஏற்கெனவே இருக்கும் வரியைக் கண்டு அதன் வழியே திறப்பது. குறுக்கே போவது வெட்டு. ரேகையோடு போவது ‘கிளீவ்’. பூண்டுப் பல்லும் மாட்டின் விரிகுளம்பும் மரப்பட்டையும் இந்தக் கருத்துக்குள் இயல்பாக அடங்குகின்றன.

இதே முறையில்தான் வைக்கிங் காலக் கப்பல்களின் பலகைகளும் கிடைத்தன. டென்மார்க்கின் ராஸ்கில்டே கடற்கழியில் 1962இல் அகழ்ந்தெடுத்த ஸ்குல்டெலெவ் கப்பல்களில் மிக நீளமானதான போர்க்கப்பல், 1042ஐ ஒட்டி டப்ளினில் கட்டப்பட்டது. அதன் ஓக் பலகைகளை ரம்பத்தால் அறுக்கவில்லை. ஆப்பு அடித்துத் தண்டை இரண்டாக்கி, நான்காக்கி, எட்டாக்கி, மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்களின் வழியே பிளந்தெடுத்தார்கள். நார் அறுபடாத பலகை மெலிதாக இருந்தாலும் வளையும், உடையாது. அதன் நகலைக் கட்டி 2007இல் டப்ளினுக்கே ஓட்டிச் சென்றார்கள்.

மே 12

“மரத்துக்குச் சரி, இதயத்துக்கு ரேகை எங்கே? என் இதயத்தை இரண்டாகப் பிளந்துவிட்டாயே என்று ஹாம்லெட்டிடம் அவன் தாய் சொல்கிறாளே, அங்கே ‘கிளெஃப்ட்’ தானே வருகிறது?” என்று மடக்கியிருக்கிறார் ஒருவர். இதயத்தில் ரேகை இருப்பதாகத் தாய்மார்கள் எல்லோரும் நம்புகிறார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். தப்பிக்கவில்லை, உருவகத்தில் சொல் தளர்ந்துதான் நிற்கும். மெக்பெத்தில் புதுப் பட்டங்கள் புதுத் துணியைப்போல உடலோடு உடனே படிவதில்லை என்னுமிடத்தில் ஒட்டும் ‘கிளீவ்’ வருகிறது. ஒரே கவிஞர் இரண்டையும் கையாண்டார், யாரும் தடுமாறவில்லை. அந்த இடத்திலும் ‘டு’ என்ற முன்னிடைச்சொல் காவலாக நிற்பதைக் கவனியுங்கள்.

மே 14

ஷேக்ஸ்பியரைத் தொட்டதால் டெம்பஸ்ட் நாடகத்தின் முதல் அங்கத்தை மீண்டும் வாசித்தேன். பிளத்தலைச் சொல்லும் சொற்கள் அங்கே வரிசையாக வருகின்றன. முதல் காட்சியில் புயலில் சிக்கிய மாலுமிகள் “பிளக்கிறோம், பிளக்கிறோம்” என்று கத்துகிறார்கள். அங்கே வினை ‘ஸ்பிளிட்’. இன்று பிளத்தல் என்றதும் நாவில் முதலில் வரும் இந்தச் சொல், டச்சுப் பக்கத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆங்கிலத்துக்குள் வந்தது. தொடக்கத்தில் பாறையில் மோதிய கப்பலுக்கே அதிகம் வழங்கியது. நாடகம் எழுதப்பட்டபோது அது ஏறக்குறையப் புதுச்சொல்.

இரண்டாம் காட்சியில் பிராஸ்பெரோ, ஏரியல் என்ற ஆவியை ஒரு சூனியக்காரி பைன் மரப் பிளவுக்குள் பன்னிரண்டு ஆண்டு அடைத்துவைத்ததை நினைவூட்டுகிறான். மரத்துக்கு அடைமொழி ‘கிளோவன்’. பிளவுக்குச் சொல் ‘ரிஃப்ட்’, ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த நார்ஸ் மொழியினர் கொண்டுவந்தது. பிறகு, இன்னும் முணுமுணுத்தால் ஓக் மரத்தைப் பிளந்து அதன் கணு நிறைந்த குடலுக்குள் உன்னை அறைவேன் என்கிறான். அங்கே ‘கிளீவ்’ இல்லை. கிழித்தெறிவதைச் சொல்லும் ‘ரெண்ட்’.

செஸ்ட்நட் தோப்பு முதியவர் என் காதில் சொல்வதுபோல் இருந்தது. பைன் நேர் ரேகை உடையது, ஆகவே அது ‘கிளோவன்’. ஓக்கில் கணு இருக்கிறது என்று கவிஞரே சொல்லிவிட்டார். அது ‘கிளீவ்’ ஆகாது, கிழிக்கத்தான் வேண்டும்.

மே 15

ஜூலியஸ் சீசரில் சீறும் காற்று கணு நிறைந்த ஓக் மரங்களை ‘ரைவ்’ செய்கிறதே, ‘ரைவ்’ என்பது மரவேலையில் ரேகையோடு பிளப்பதற்கான சொல்தானே என்று ஒருவர் கேட்கிறார். சரியான அடி. பச்சை மரவேலைக்காரர்கள் ‘கிளீவ்’, ‘ரைவ்’ இரண்டையும் ஏறக்குறைய ஒரே பொருளில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். நார்ஸ் மூலத்தில் ‘ரீஃபா’ கிழித்தல், பிய்த்தல் என்ற பக்கம் சாய்வதால் காற்றுக்குப் பொருந்தியிருக்கலாம் என்பது என் சமாதானம். சமாதானம் என்பதற்கு மேல் அதற்கு மதிப்புத் தர வேண்டாம்.

ஆனால் மூன்றாவது சான்று ஒன்று எனக்குச் சாதகமாகக் கிடைத்தது. ஷேக்ஸ்பியரின் ‘மெஷர் ஃபார் மெஷர்’ நாடகத்தில், வானம் தன் இடியை மென்மையான மிர்ட்டில் செடிமேல் வீசாமல் ‘ஆப்பு இறங்காத, முறுக்கேறிய ஓக்’ மரத்தைப் பிளக்க வீசுகிறது என்று வருகிறது. அங்கே வினை ‘ஸ்பிளிட்’. ஆப்பு இறங்காத மரம் என்று ஒரு சொல்லையே உண்டாக்கிய மனிதர் ஆப்பு வேலையை அறியாதவராக இருக்க முடியுமா? நான் பார்த்த மூன்று இடங்களிலும் கணு ஓக்குக்கு மூன்று வேறு வினைகள்; ‘கிளீவ்’ மட்டும் இல்லை. மூன்று இடத்தை வைத்து விதி எழுதக்கூடாது என்பதும் தெரியும். யாப்பும் ஓசையும் எவ்வளவோ தீர்மானிக்கும்.

மே 17

கல்லிலும் இதே கதை. வேல்ஸ் நாட்டுப் பலகைக்கல் மெல்லிய ஓடுகளாகப் பிளவது படிவுகளின் அடுக்கால் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். மலைகள் நெருக்கப்பட்டபோது அழுத்தத்தால் உண்டான வேறொரு வரிசை அது; பழைய படிவு அடுக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டும் போகும். இரண்டும் வேறு என்பதை நிலவியலாளர் ஆடம் செட்ஜ்விக் 1835இல் பிரித்துக் காட்டினார். நிலவியலில் அதன் பெயர் ‘கிளீவேஜ்’. பிளந்த ஓடுகளின் அளவுகளுக்கு அந்தக் குவாரிகளில் டச்சஸ், கவுன்டஸ், லேடி என்று சீமாட்டிகளின் பட்டங்கள்: 24க்கு 12 அங்குலம் டச்சஸ், 20க்கு 10 கவுன்டஸ். கூரைமேல் ஒரு அரசவையே குந்தியிருக்கும்.

வைரத்துக்கும் இதே வினை. 1905இல் கிடைத்த 3,106 காரட் ‘கல்லினன்’ வைரத்தை 1908 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் யோசப் ஆஷர் பிளந்தபோது முதல் அடியில் உடைந்தது எஃகு அலகுதான். உலகின் மிகக் கடினமான பொருளானாலும் அதற்கும் நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு. முதலில் மற்றொரு வைரத்தால் சிறு காடி எடுத்து, அதில் அலகை வைத்து, ஓர் அடி. ஃப்ரோவின் கதையேதான், செலவு மட்டும் கூடுதல்.

மே 18

‘கிளோவன்’, ‘கிளெஃப்ட்’ இரண்டும் ஒரே வினையின் எச்சங்கள் என்றால் எங்கே எதை இடுவது என்பதற்கு விதி இல்லை, வழக்குதான். குளம்பு எப்போதும் ‘கிளோவன்’, அண்ணப்பிளவு எப்போதும் ‘கிளெஃப்ட்’. மாற்றிச் சொன்னால் குழந்தையின் வாய்க்குள் குளம்பு வந்துவிடும்.

மே 21

முதல் வினாவின் இரண்டாம் பகுதிக்கு இன்னும் விடை சொல்லவில்லை என்று நினைவூட்டினார்கள். நியாயம்.

அந்தப் பாடல், ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் 937ஆம் ஆண்டின்கீழ் வருவது. எதெல்ஸ்டன் மன்னனும் தம்பி எட்மண்டும் புருனான்புர்க்கில் ஸ்காட்லாந்தியரையும் டப்ளினிலிருந்து வந்த நார்ஸ் படையையும் வென்றதைப் பாடுவது. ஐந்தாம் அடியின் பின்பாதி ‘போர்ட்வெயால் க்ளுவன்’. முதற்சொல் பலகைச் சுவர், அதாவது நெருக்கிப் பிடித்த கேடய வரிசை. இரண்டாவது நம் வினையின் பன்மை இறந்தகாலம். செயப்படுபொருள் நேராக நிற்கிறது, முன்னிடைச்சொல் இல்லை. ஒட்டும் வினையாக இருந்தால் அதன் இறந்தகாலம் ஈற்றில் விகுதி பெற்று வேறு வடிவில் நின்றிருக்கும். பழைய ஆங்கிலத்தில் குழப்பத்துக்கு இடமே இல்லை. பிளந்தார்கள். இன்றைய ஆங்கில உரைநடையாக்கத்தில்தான் ஐயம் பிறக்கிறது.

மே 21, நள்ளிரவு

படுத்தபின் தோன்றியது, எழுந்து எழுதுகிறேன். அடுத்த அடி ‘ஹெயோவன் ஹெயதோலிண்டே ஹமோரா லாவன்’: சுத்தியல்கள் விட்டுச்சென்ற எச்சத்தால், அதாவது வாளால், போர் லிண்டன்களைக் கொத்தினார்கள். லிண்டன் ஒரு மரம். அதன் பலகையால் செய்த கேடயத்துக்கும் அதுவே ஆகுபெயர். ஆக, அடுத்தடுத்து இரண்டு வினைகள்: சுவருக்குப் பிளத்தல், லிண்டனுக்குக் கொத்துதல்.

அந்தக் காலத்து ஆங்கிலப் பாட்டுக்கு எதுகை இல்லை, மோனையே உயிர். ‘ஹெயோவன்’ ஹகர மோனைக்குள் கட்டுண்ட சொல். அந்த அடியில் வேறெதையும் எளிதில் வைத்துவிட முடியாது. ‘க்ளுவன்’ அப்படியன்று. அந்த அடியின் மோனை ‘புருனான்புர்க்’, ‘போர்ட்வெயால்’ என்ற பகரத்தில் முடிந்துவிடுகிறது; கடைசி அழுத்தச் சொல் மோனையில் சேரக்கூடாது என்பதும் அந்த யாப்பின் விதி. ஆகவே மோனை இந்த வினையைக் கேட்கவில்லை. பாடியவர் அதைத் தாமே தேர்ந்திருக்கிறார். தச்சன் ஒருமுறை ரேகையோடு பிளந்தெடுத்த பலகையை வாள் மறுபடியும் அதே ரேகையில் திறக்கிறது என்று எண்ணித்தான் தேர்ந்தாரா என்பது என் ஆசை மட்டுமே. வினவியவர் தம் தமிழாக்கத்தில் ‘கேடயச் சுவரைப் பிளந்தனர், லிண்டன் பலகைகளைக் கொத்தினர்’ என்று இரண்டு வினைகளையும் தனித்தனியே வைத்தால் போதும். இரண்டுக்கும் ‘வெட்டினர்’ என்று போட்டுவிட வேண்டாம்.

மே 22

மே 11 குறிப்பில் அலகை ‘ஒரு முழ நீளம்’ என்று எழுதியிருந்தேன். வகுப்பில் எடுத்த படத்தைத் தேடிப் பார்த்தேன். முக்கால் முழம்கூட இராது. கைப்பிடிதான் ஒரு முழம்.